சுண்ணாம்பு பட்ட இடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெற்றிலைக் கொடிக்காலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு வாரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரிந்தேன்.

பரமத்தி வேலூரில் வெற்றிலை கிள்ளுவதுதான் என் வேலை. இருபது வருஷமாகக் கிழிந்த இலையில் சுண்ணாம்பு தடவி, புகையிலை வைத்து, இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். ஆறு மாதத்துக்கு முன் அந்தக் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது. சுண்ணாம்பு கூடிப்போய் வெந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் கொடிக்காலில் யாருக்கு வந்தாலும் அதுதான் காரணம், தேங்காய் எண்ணெய்தான் மருந்து. நானும் தடவிக்கொண்டே இருந்தேன். காரம் பட்டால் எரியும். மற்றபடி வலியே இல்லை.

அப்புறம்தான் நர்ஸ் அனிதா டார்ச் லைட்டோடு கொடிக்காலுக்கே வந்தாள். வெற்றிலை போடுகிறவர்கள் எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனையாம். நான் மோட்டார் ரூமுக்குள் போய் ஒளிந்தேன். வேறு நர்ஸாக இருந்தால் காட்டியிருப்பேன். இவள், என் மகள் ரஞ்சிதாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் சொந்தச் சித்தி, அவன் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், இதுதான் கூடி வந்தது.

அவள் விடவில்லை. தேடி வந்து கதவருகே நின்றாள்.

"அக்கா, வாயத் தொறங்க."

"எனக்கென்ன கேடு. சுண்ணாம்பு பட்டிருக்குது, அவ்வளவுதான்."

"அதயே பாக்கறேன், தொறங்க."

திறந்தேன். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடச் சொன்னாள். இரண்டுதான் போனது. கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"இது சுண்ணாம்பு இல்லீங்க்கா. புத்துநோயின்னு நாஞ் சொல்லல. துளி சதை எடுத்துப் பாக்கோணும். இப்பவே பாத்தா சுளுவா தீந்துரும். வர்ற திங்கக்கெழம பெரியாஸ்பத்திரிக்கு வாங்க."

"ஞாயித்துக்கெழம நிச்சயம். தையில கல்யாணம். அது முடியட்டும் அம்மிணி."

"நாலு மாசம் அது சும்மா இருக்குமாங்க்கா?"

"உங்கக்காகிட்டச் சொல்லிப்போடாத."

"நாஞ் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வரோணும்."

போனால் ஆஸ்பத்திரியில் பாதி வேலூர் நிற்கும். புத்துநோய்க்காரி மகள் என்று ஒரு சொல் போதும், என் பெண்ணின் வாழ்க்கை போயிற்று. போகாவிட்டால் நானே போய்ச் சேர்ந்துவிடுவேன். கிணற்றுக்குள் விழுந்தவள் மாதிரி இருந்தது. ராத்திரியெல்லாம் நாக்கு அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தது. ரஞ்சிதா புடவை காட்டினால் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றினார்கள். எங்கள் சொந்தத்தில், மாற்றியவுடன் இரண்டு அம்மாக்களும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை மெல்ல வேண்டும். அப்போதுதான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. மாப்பிள்ளையின் அம்மா ராசம்மாள் இலையை மடித்து என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். ஐம்பது பேர் பார்க்கிறார்கள். அனிதா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன எழவு பிழைப்பு இது. இந்த இலையை மென்று, சிரித்து, செத்தும் போக வேண்டுமா?

"என்னால மெல்ல முடியாதுங்க" என்றேன். "வாயில வெள்ளையா ஒண்ணு இருக்குது. நாளைக்கிச் சதை எடுத்துப் பாக்கப் போறேன். என்னன்னு தெரியாது. வேண்டாமுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

ரஞ்சிதா என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

ராசம்மாள் தன் கையிலிருந்த வெற்றிலையை இன்னும் வாயில் போடவில்லை. அதைத் தட்டில் வைத்தாள்.

"எனக்கும் மூணு மாசமா இருக்குது" என்றாள், தங்கையைப் பார்த்து. "உன்றகிட்டச் சொன்னா நிச்சயம் நின்னுபோயிருமோன்னு பயந்துட்டேன். பாரு."

ஊரார் வாயெல்லாம் பார்த்த அனிதா, அக்காவின் வாய்க்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் நாளைக்கி வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் பயம் போகவில்லை. ராசம்மாளுக்கும் போகவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

"மொத பஸ்ஸுக்கே போயிரலாமுங்க, சம்பந்தியம்மா" என்றாள் ராசம்மாள்.