அறுபத்து மூன்று சதவீதத்தில் ஆயுத பூஜை

அக்காவின் கம்ப்யூட்டரைக் கெடுத்தது அவள் வீட்டுக்காரர் கொளஞ்சி மாமா என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. முதலில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வித்யா அக்கா சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். கிள்ளைப் பக்கத்து மீனவர்கள் வலைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றி ஏழு வருடமாக ஆய்வு செய்து, முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் பதிவே ரத்து. ஏழு வருட உழைப்பும் வீண்.

எனக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அடுத்தவர் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். புதன்கிழமை, ஆயுத பூஜை அன்று காலையில் அக்காவைப் பார்க்கப் போனவன், அவளுடைய பன்னிரண்டு வயதுக் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் ஓடுவதைப் பார்த்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இந்த மாசத்தோட இதுக்கு அப்டேட் வராதுக்கா. புதுசு போட்டுர்றேன்.”

“வெள்ளிக்கெழம கழிச்சிப் போடுடா விஜி.”

“ரெண்டு மணி நேர வேலக்கா. ஃபைலு எதுவும் போவாது.”

அவ்வளவு பழைய மெஷினில் ஏற மாட்டேன் என்று புது விண்டோஸ் தெளிவாகச் சொன்னது. அதை ஏமாற்றி ஏற்ற ஒரு வழி உண்டு. அந்த வழி எனக்குத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஏற்றினேன். முப்பது சதவீதம் ஓடியபோது, என் கடைக்குப் பூஜை போட வேண்டுமே என்று கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அறுபத்து மூன்று சதவீதத்தில் மாமா வீட்டுக்கு வந்தார்.

மாமாவுக்குக் கிரில் பட்டறை. ஆயுத பூஜை அன்று அங்கே ஒரு ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட வேலை கிடையாது. எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டால் மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் கையில் எடுப்பார். வீட்டில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்து வீடுகளுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தாள். மாமா சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். பெட்டிக்கு மூன்று பொட்டு வைத்தார். கற்பூரம் காட்டினார்.

திரும்பி வந்த அக்கா, வேலை முடிந்து தானாக அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பூஜைக்கு வைத்ததைத் தொடுகிற ஆள் இல்லை அவளும்.

மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது. “விஜி, புள்ளி புள்ளியா சுத்துதுடா. அப்புறம் நீலமாவுது. மறுபடி சுத்துது.”

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவிட்சை அணைத்ததை அவரே சொன்னார்.

“ஆஃப் பண்ணாதீங்கன்னு அதுலயே போட்டிருந்துச்சே மாமா?”

“போட்டிருந்துச்சு மச்சான். நானும் படிச்சன். வருஷத்துல ஒரு நாளு வெல்டிங் மெஷின நிறுத்துறன், கட்டிங் மெஷின நிறுத்துறன். இது மட்டும் என்னா பாவம் பண்ணிச்சு?”

நான் அக்காவிடம் திரும்பினேன். “பென்டிரைவ்ல எடுத்து வெச்சிருக்கல்ல?”

“மே மாசம் எடுத்தது. கடைசி ரெண்டு இயல் அதுல இல்ல.”

சரிசெய்யும் பென்டிரைவைப் போட்டு மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் முடியாது என்று மரியாதையாகச் சொன்னது. பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போகச் சொன்னேன். அதற்கும் முடியாது என்றது. கடைசியில் பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். டிஸ்க் தெரிந்தது. அக்காவின் ஃபோல்டரைத் திறந்தேன். காலியாக இருந்தது.

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஒரு நோட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, ஆறாம் இயலை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். ஏமாற்றி ஏற்றியவன் நான், பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறியவனும் நான் என்று அப்போதுதான் புத்தியில் ஏறியது.

மாமா என் காதருகே குனிந்தார். “இத்தினி வருஷம் இத நான் தொட்டதில்ல மச்சான். டாக்டர் ஆவப் போறாளே, இதுதான அவ ஆயுதம்னு இந்த வருஷந்தான் பொட்டு வெச்சன்.” அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டேன்.

புது விண்டோஸ் ஏறும்போது பழைய சாமான்களை ஒரு தனி ஃபோல்டரில் மூட்டை கட்டிப் போடும். பதற்றத்தில் அது எனக்கு மறந்தே போயிருந்தது. தேடிப் பிடித்தேன். உள்ளே போக அனுமதி இல்லை என்றது. அனுமதி வாங்க இருபது நிமிடம் ஆனது. ஏழு இயலும் இருந்தன. அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதாள். மாமா எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டூலைச் சுவிட்சை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எல்லாப் பக்கமும் சரியாக இருக்கிறதா என்று முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். நன்றியுரை வந்தது. மாமா பின்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார்: “இந்த ஏழு ஆண்டுகளில் ஒரு நாளும் என் கணினியில் கை வைக்காத என் கணவர் திரு. ம. கொளஞ்சி அவர்களுக்கு…”

மாமா அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“அத எடுத்துரு வித்யா. பொய்யாயிடும்.”

அக்கா எடுக்கவில்லை. ‘ஒரு நாளும்’ என்பதை மட்டும் அழித்துவிட்டு ‘ஒரே ஒரு நாள் தவிர’ என்று அடித்தாள். மாமா இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இது சரி என்றார்.

அதற்கு அடுத்த வரி, தொழில்நுட்ப உதவி செய்த அன்புத் தம்பி விஜயகுமாருக்கு. அக்கா அதைத் திருத்தவில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வரியை முழுசாகத் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டில் அழித்துவிட்டு, “பிரின்ட் போட எடுத்துக் குடுடா” என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.