மரவள்ளி மூட்டைக்கு ஒரு நன்றி

சதுரங்கத்தில் எத்தனை நிலைகள் வரக்கூடும் என்று ஆர்வலர்களின் கணினிகள் எண்ணிக்கொண்டிருந்தன. விண்டோஸுக்கு நிரல் எழுதியவள் டாஸ்மேனியாவில் இருக்கும் க்வெண்டா. லினக்ஸுக்கு ஃபிஜியிலிருந்து இசிகேலி தனியாக எழுதினான்; அவன் கணினி வீட்டில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். இம்முறை அவன் கணக்கில் ஒன்று குறைந்தது.

"மரவள்ளி மூட்டை பக்கத்துல வெச்சா மெஷின் உளறாம என்னடா செய்யும்!" என்று போனில் பொரிந்தாள் க்வெண்டா.

"பலகையில ஆடியே பாத்துட்டேன்க்கா. ரெண்டு கட்டம் தாண்டி பக்கத்துல வந்து நின்ன சிப்பாய போற போக்குல வெட்டுனா, ரெண்டு சிப்பாயும் அந்த வரிசைய விட்டுப் போயிடுது. எதிரியோட யானை நேரா நம்ம ராஜாவப் பாக்குது. அந்த வெட்டு செல்லாது. உங்க நிரல் அதையும் எண்ணிடுச்சு."

க்வெண்டாவுக்குக் கோபம் வடிந்தது.

"நீ இல்லன்னா மொத்தமும் குப்பைடா. ரொம்ப நன்றி."

"எனக்கெதுக்கு? போனை நீங்க திட்டுன மூட்டைகிட்ட வெச்சிட்டேன், அதுக்குச் சொல்லுங்க."

மனதாரச் சொன்னாள்.