கழுத்தில் குடியிருந்தவன்

கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால், ஸ்டென்ட் வைப்பதற்கு முன் அந்த அடைப்பிடமும் சம்மதம் வாங்கிவிட வேண்டும். திண்டுக்கல்லில் அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம் அது.

ராயப்பன் மேசையில் மல்லாந்து படுத்திருந்தார். தொடையில் சிறு துளை போட்டு உள்ளே விட்ட மெல்லிய கம்பி, நெஞ்சைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியிருந்தது. அதன் மறுமுனையை டாக்டர் அகிலாண்டம் அவர் வாயருகே பிடித்தார். பேச வேண்டியிருப்பதால் மயக்கமருந்து கொடுக்கவில்லை.

"பொறுமையாப் பேசுங்க. சுவரோரமா ஒதுங்கி நிக்கச் சொன்னாப் போதும்."

பொறுமைக்கும் ராயப்பனுக்கும் ஏழாம் பொருத்தம். மூட்டை தூக்கி, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்த மனிதர். எட்டுப் பழைய கட்டடங்களை வாங்கி, உள்ளே இருந்தவர்களை வாயாலேயே கிளப்பியவர்.

"எவன்டா அது?"

"நான்தான் முதலாளி," என்றது கம்பி வழியே அடைப்பின் குரல். "பதினோரு வருசமா இங்கதான் இருக்கேன்."

"யாரைக் கேட்டுடா குடிவந்தே?"

"நீங்கதான் கறியும் சுருட்டுமாக் கொடுத்துக் கூப்பிட்டீங்க."

"வாயைப் பாரு! காலி பண்ணுடா, இந்த நிமிசமே!"

"சரிங்க முதலாளி."

கழுத்துக்குள் யாரோ பாயைச் சுருட்டினார்கள். பாத்திரம் உருண்டது. ராயப்பனின் இடது கண் ஒருமுறை இருண்டு வெளுத்தது. வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சுக் கேட்காமல் போயின.

"ஐயோ, போகச் சொல்லாதீங்க!" என்றார் டாக்டர். "ரத்தம் ஓடுற பக்கம்தான் அது போகும். மேலே மூளைதான் இருக்கு. அங்கே போய் உக்காந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

 எவரையும் இருக்கச் சொல்லிப் பழகாத ராயப்பனின் நாக்கு புரள மறுத்தது.

"தம்பி... இருப்பா. ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்."

"மூட்டை கட்டியாச்சுங்களே."

"உன் காலைப் பிடிக்கிறேன்டா! சுவரோரமா இடம் எடுத்துக்கோ. மேலே கம்பிவலை போட்டுத் தர்றேன். ஒருத்தனும் உன்னை அசைக்க மாட்டான்."

"அது சரிங்க. ஆனா காலி பண்ணுன்னு உங்க வாயால சொல்லிட்டீங்க. யாராவது காலி பண்ணித்தானே ஆகணும்?"

ராயப்பனின் வாய் கோணத் தொடங்கியது. டாக்டரைப் பார்த்தார்.

"அது கேக்குறது நியாயந்தானுங்க," என்றார் டாக்டர்.

பேரம் அத்தோடு படிந்தது. ஸ்டென்ட் கச்சிதமாக விரிந்து அடைப்பைச் சுவரோடு அணைத்தது. ரத்தம் தடையில்லாமல் பாய்ந்தது. ராயப்பன் கம்பியைப் பற்றிக்கொண்டு கழுத்திலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து தொடைக்கும் இறங்கி, வெளியே எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்தார். கிண்ணம் சில்லென்றிருந்தது.

மறுநாள் அவர் உடம்பு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டது. வாசலில் காத்திருந்த அவர் மனைவி பிலோமினாவிடம், "வீட்டுக்குப் போலாமா அம்மா?" என்று பணிவாகக் கேட்டது. "மெதுவா நடங்க," என்று அவள் அதன் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

நர்ஸ் கிண்ணத்தில் ராயப்பன் பெயரை எழுதி ஒட்டி, அலமாரியைத் திறந்தாள். உள்ளே இருந்த கிண்ணங்கள் சற்று நகர்ந்து இடம் விட்டன.