மாமியாரைத் தள்ளிவிட்டவள்

விமானப் பணிப்பெண்ணின் குடும்பத்துக்குச் சலுகை டிக்கெட் உண்டு என்று என் மாமியாரிடம் யார் போட்டுக்கொடுத்தார்களோ, அவர்கள் நாசமாய்ப் போக. நான் வேலை செய்யும் விமானத்திலேயே ஏறி, என் கதவை ஒட்டிய இருக்கையில் அமர்ந்து, பக்கத்துப் பயணியிடம் என் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்ல என் பையன் தண்ணி கேட்டா இவளுக்குக் காது கேக்காது. இங்க பாருங்க, மணி அடிச்சா ஓடறா."

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அதுவும் வேலையில் சேர்த்திதான்.

இறங்கும் நேரத்தில் கேப்டன் என்னை அழைத்தார். சக்கரங்களை இறக்கும் எண்ணெய்க் குழாயில் அழுத்தம் போய்விட்டதாம். வலப்பக்கச் சக்கரம் என்ன செய்தும் இறங்கவில்லையாம். எல்லாரையும் காப்பாற்றுவது என் கடமைதான். ஆனால் மாமியாருக்கு ஒன்று ஆகிவிட்டால் என் கணவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் முதலில் தோன்றியது.

"எல்லாரும் குனிங்க. தலையத் தூக்காதீங்க" என்று கத்தினேன்.

"என்ன சத்தம் போடறா பாருங்க" என்றபடியே குனிந்தார் மாமியார்.

விமானம் ஒற்றைக் காலில் இறங்கி, வலப்பக்கம் சாய்ந்து, தீப்பொறி பறக்கத் தரையை உரசிக்கொண்டே புல்லில் போய் நின்றது. அந்தப் பக்கம் புகை. இடக் கதவைத் திறந்தேன். ரப்பர் சறுக்கு காற்று நிரம்பி விரிந்தது. முதல் ஆளாக வந்த மாமியார் கீழே எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் இறங்க மாட்டேன். படிக்கட்டு கொண்டுவரச் சொல்லு."

பின்னால் கூட்டம் நெருக்கியது. வாசலில் யார் தயங்கினாலும் தள்ளிவிட வேண்டும், எங்கள் பயிற்சி அப்படி. தள்ளினேன். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம், இல்லையென்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"அடிப்பாவி" என்ற குரல் கீழே போய்ச் சேர்ந்தது.

மற்றவர்களையும் அனுப்பி, இருக்கைகளெல்லாம் காலிதானா என்று பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தபோது தொண்டையெல்லாம் புகை. கீழே பயணிகளைத் தூரமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சறுக்கின் அடியில் மட்டும் இரண்டு தீயணைப்பு வீரர்கள் என் மாமியாருடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவ வராம நான் நகர மாட்டேன்" என்றவர், என்னைப் பார்த்ததும் குரல் தழுதழுத்தார். "மேலயே நிக்கிறா பாருங்க. எல்லாரையும் தள்ளிவிட்டாளே, அவளத் தள்ளிவிட அங்க யாருமே இல்லையா?"

யாருமில்லை. நான்தான் கடைசி. குதித்தேன்.

எழுந்திருப்பதற்குள் முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. அடித்த கையை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.