இலவச ஒற்றன்

ஊழியர்கள் தன்னை ஏய்க்கிறார்கள் என்பதில் அந்த டைல்ஸ் கடை முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. கணக்குப் பார்க்கும் அம்மாள் கீபோர்டைத் தட்டுகிற வேகத்துக்கு ஊர்க் கணக்கே முடிந்திருக்க வேண்டும். விற்பனையைப் பார்க்கும் மைத்துனனோ மனைவியின் தம்பி; வாய்விட்டுத் திட்டவும் முடியாது. ஆகவே, யார் எந்த எழுத்தைத் தட்டினாலும் பதிந்துவைக்கும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தார். இலவசம்.

ஆன்டிவைரஸ் சிவப்பாகப் பொங்கி வந்து எச்சரித்தது. "எனக்கே புத்தி சொல்றியா?" என்று கடையின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதன் வாயை அடைத்தார். முதலில் தன்னுடையதில் போட்டுப் பார்த்துப் பூரித்துப்போய், மற்றவற்றிலும் ஏற்றினார். வீட்டிலிருந்தே வேவு பார்க்க வசதியாகத் தன் ஃபோனிலும்.

பலன் உடனே கிடைத்தது. கணக்கம்மாள் தன் தங்கைக்கு எழுதியிருந்தாள்: "வர்றாரு. மூஞ்சி சரியில்ல. அப்புறம் பேசறேன்." மைத்துனன் தன் அக்காவுக்கே எழுதியிருந்தான்: "மாமா இன்னிக்கும் மேஜையிலேயே குறட்டை." முதலாளி இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஆனால் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! ஃபேனை ஏன் இவ்வளவு வேகமாக வைத்தீர்கள் என்று இருவர்மேலும் எரிந்து விழுந்தார்.

ஒருநாள் காலை, அவருடைய மெயிலிலிருந்து வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் தொப்பை கரைக்கும் பொடி விளம்பரம் போயிருந்தது. பதறிப்போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரவழைத்தார்.

"ஆன்டிவைரஸை யாரு சார் ஆஃப் பண்ணது?" என்றார் வந்தவர்.

"அது... மெஷின் ஸ்லோவா இருந்துச்சுப்பா."

"தட்டறதையெல்லாம் திருடற சாஃப்ட்வேர் உள்ள இருக்கு. கடை முழுக்க. யாரோ உக்காந்து ஒவ்வொண்ணா ஏத்தியிருக்காங்க."

"யாரு மாமா அது?" என்றான் மைத்துனன்.

முதலாளி மேஜைமேல் இருந்த பில்களை அடுக்கத் தொடங்கினார். "ஒரு நிர்வாகத்துக்காக..."

"நல்ல நிர்வாகம்!" என்றார் ரிப்பேர்காரர். " நீங்க படிக்கறதுக்கு முன்னாடியே அந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவன் படிச்சுட்டான். உங்க பாஸ்வேர்டையும் சேர்த்து. ஓசில குடுத்தவன் சும்மாவா குடுப்பான்?"

கணக்கம்மாள் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தாள். ரிப்பேர்காரர் நிறுத்தவில்லை.

"எல்லாத்தையும் துடைச்சுப் புதுசா ஏத்தணும். இனிமே ஆன்டிவைரஸ் கத்தினா காது குடுங்க. அப்டேட் கேட்டா தள்ளிப் போடாதீங்க. பாஸ்வேர்டோட, ஃபோனுக்கு வர்ற கோட் நம்பரும் போட்டாத்தான் மெயில் திறக்கும்னு வச்சுக்கங்க. இப்போ முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க. இங்க வேணாம், புதுசும் அவனுக்குப் போயிடும். சுத்தமான ஃபோன் யார்கிட்ட இருக்கு?"

முதலாளி தன் ஃபோனை மெல்லப் பைக்குள் தள்ளினார். கணக்கம்மாள் தன்னுடையதை நீட்டினாள்.

"தட்டுங்க சார். நாங்க யாரும் பார்க்க மாட்டோம்" என்று முதுகைக் காட்டி நின்றாள். மைத்துனனும் திரும்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

முதலாளி ஒற்றை விரலால் தட்டினார். தவறு என்றது ஃபோன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார்.

"மெதுவா சார்," என்றாள் அவள், திரும்பாமலே.