முன்வாசலால் வந்தவர்கள்

சுவரில் தொங்கிய முருகன் கலண்டரை அந்த அமெரிக்கப் பெண் ஆணியிலிருந்து பக்குவமாகக் கழற்றினாள். கழற்றி, சோபாவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கலண்டர் இருந்த இடத்தில் சுவர்க்கடதாசி மங்காமல் ஒரு வெள்ளைக் கட்டமாக நின்றது. அடுப்படி வாசலில் கரண்டியும் கையுமாக நின்ற குணேஸ்வரிக்கு, வீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி வெளியே அனுப்பியது போல இருந்தது.

“படத்திலை பின்னுக்குத் தெரியும், மாமி,” என்றான் பிரவீணன். “எங்கட பக்கத்துச் சனத்துக்குப் பிடிக்காது.”

“சாமிதானே, மோனை.”

“ஓம். அதுதான்.”

பிரவீணன் அவளுடைய அண்ணரின் ஒரே மகன். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சட்டசபை உறுப்பினர். ஜேர்மனியில் பான் நகரில் ஏதோ மாநாட்டுக்கு வந்தவன், ஞாயிற்றுக்கிழமை ஒரு காரை எடுத்துக்கொண்டு அவள் இருக்கும் வுப்பர்டாலுக்கு வந்திருந்தான். அவனுடைய தேர்தல் வேலைகளைப் பார்க்கும் டொறத்தி என்ற அந்தப் பெண்ணும் ஒரு கமெராவும் கூட வந்தன. அடுத்த வருடம் அவன் வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போட்டி போடுகிறான். அதற்கு ஒரு படம் வேண்டுமாம். தன்னைத் தூக்கி வளர்த்த மாமியின் வாயாலேயே குடும்பத்தின் கதை வரவேண்டுமாம்.

அவனுடைய ஏற்றம் முழுவதையும் குணேஸ்வரி போனில் பார்த்துப் பார்த்தே அறிந்தவள். பள்ளிக்கூடச் சபைக்கு நின்று முதலில் தோற்றான். பிறகு நகரசபை. கட்டின பெண்ணின் தேவாலயத்தில் ஞாயிறு தோறும் கதைக்கத் தொடங்கி, அந்தச் சனத்தின் வாக்கிலேயே சட்டசபைக்குப் போனான். வரியைக் குறைக்க வேண்டும், குடும்பம் குடும்பமாக இருக்க வேண்டும், பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அடங்க வேண்டும் என்று அவன் மேடையில் சொல்லும்போது, செத்துப்போன அண்ணரே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது போல அவளுக்கு நெஞ்சு நிறையும். அவன் பெயரை ஊரறியச் செய்தது ‘முன்வாசல் சட்டம்’. வருவதென்றால் முன்வாசலால் வா என்பதுதான் எல்லா மேடையிலும் அவன் சொல்லும் வசனம். விசா இல்லாமல் ஒளித்திருப்பவர்களைப் பற்றிய சட்டம் என்ற அளவில் அவளுக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டதில்லை. அவளுடைய மனிசன் தியாகராசா வாசித்திருந்தார். சொல்லவும் பார்த்தார். “உங்களுக்கு எங்கட ஆக்கள் முன்னேறினாலே எரிச்சல்” என்று அவருடைய வாயை அடைத்துவிட்டாள்.

அவன் வரவை அவள் இப்படி வழி பார்த்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் சாரங்கா.

சாரங்கா அவளுடைய தங்கச்சியின் மகள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. காடும் கடலும் தாண்டி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தவள். அகதி வழக்கு தோற்றுப்போக, பிரவீணனின் மாநிலத்திலேயே ஒரு சின்ன ஊரில், நடக்க ஏலாத ஒரு கிழவியைப் பராமரித்துக்கொண்டு, அந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒதுங்கியிருந்தாள். கடைக்குப் போவதென்றாலும் தொப்பி போட்டு, தலையைக் குனிந்துகொண்டுதான். சட்டசபையில் இருக்கும் மச்சானுக்கு இப்படி ஒரு மச்சாள் பக்கத்தில் இருப்பதே தெரியாது. மச்சான் வுப்பர்டாலுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் சாரங்காதான் போனில் கேட்டாள்.

“பெரியம்மா, நீங்கள் பக்குவமாக் கதைச்சுப் பாருங்கோ. ஓம் எண்டாரெண்டால் நானே இடத்தைச் சொல்லுறன். அதுக்கு முதல் ஊர்ப் பேரை மட்டும் வாயிலை எடுத்துப்போடாதைங்கோ. என்னைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்கோ.”

“போனுக்குள்ளாலை எப்பிடியடி உன்னைத் தொடுறது?” என்று குணேஸ்வரி சிரித்தாள். ஆனாலும் திரையில் தெரிந்த அவளுடைய நெற்றியில் விரலை வைத்துச் சத்தியம் பண்ணினாள்.

யன்னல் ஓரம் ஒரு கதிரையைப் போட்டு அவளை இருத்தினார்கள். சேலைத் தலைப்பில் குண்டூசி அளவு மைக் ஒன்றை டொறத்தி குத்திவிட்டாள். பிறகு காதில் பெரிய கவசத்தை மாட்டிக்கொண்டு, கமெராவுக்குப் பின்னால் போய் நின்றாள். தமிழிலேயே சொல்லட்டும், கீழே எழுத்துப் போடலாம், அதில்தான் உருக்கம் இருக்கும் என்று முடிவாயிற்று. ஆனால் அந்த வீட்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்று தெரியாது. யன்னலுக்கு வெளியே ஆறு. ஆற்றுக்கு மேலே, இரும்புக் கால்களில் தொங்கிக்கொண்டு ரயில் ஓடும். அது கடக்கும்போது கண்ணாடி கிடுகிடுக்கும், கோப்பை கலகலக்கும். நாற்பது வருடம் அந்த வீட்டில் கதைத்த எல்லாக் கதையும் அந்த ரயிலுக்காக ஒருமுறை நின்று தொடர்ந்த கதைதான். முதல்முறை கடந்தபோது டொறத்தி துடித்துப்போய் உள்ளங்கையை நிமிர்த்தி விரித்துக் காட்டினாள். நில்! எல்லோரும் சிலையாக நின்றார்கள். ரயில் போனதும் கை இறங்கியது. பிறகு அதுவே வழக்கமாயிற்று.

“மாமி, நாங்கள் ஜேர்மனிக்கு எப்பிடி வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ,” என்றான் பிரவீணன். அவனுடைய தமிழுக்கு வயதாகவில்லை. பதினொரு வயதில் தாயின் தம்பி அமெரிக்காவுக்குக் கூப்பிட, அன்று வுப்பர்டாலில் விட்டுப்போன அதே தமிழ். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குக் கண் கலங்கியது.

எப்படி வந்தோம்? கிழக்கு பெர்லினில் இறங்கி, யாரோ சொல்லித் தந்த ரயிலில் அண்ணரும் அவளும் ஏறினார்கள். மடியில் நாலு வயது பிரவீணன். கையில் விசா இல்லை. கேட்டால் சொல்ல ஒரு சொல் ஜெர்மன் இல்லை. பிள்ளை வாய் திறக்கக்கூடாதென்று கோட்டுக்குள் அணைத்து, ஒரு பிஸ்கட்டை வாயில் வைத்தாள். சுரங்கப் பாதைக்குள் விளக்கு அணைந்து எரிந்தபோது பயத்தில் அவன் மூத்திரம் பெய்தான். அந்தச் சூடு சேலையில் ஊறி, தொடையில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிர்ந்திருந்தது. நல்லவேளை, அந்தப் பக்கத்தில் ஒருவரும் மறிக்கவில்லை.

அவள் அதைத்தான் சொல்லத் தொடங்கினாள். பிரவீணன் மெல்லக் குறுக்கிட்டான்.

“அவ்வளவு நீளம் வேண்டாம், மாமி. முறைப்படி, முன்வாசலால் வந்தனாங்கள் எண்டால் காணும்.”

குணேஸ்வரி அவனைப் பார்த்தாள். அவன் கண் தாழவில்லை. ஆனால் காதுமடல் சிவந்திருந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. டொறத்தியின் கை உயர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள், தமிழுக்குள், தாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பதாக குணேஸ்வரிக்குத் தோன்றியது. இதைவிட நல்ல நேரம் வராது.

“நீ சொன்ன மாதிரியே சொல்லுறன், மோனை. நீ எனக்கு ஒண்டு செய்ய வேணும்.”

“என்ன மாமி?”

ஊரில் என்றால் இது எப்படி நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையை ஆமி பிடித்துக்கொண்டு போனால், தாய்க்காரி விடிய எழும்பி எம்.பி. வீட்டுக்குப் போவாள். மனுசன் பல்லுத் தீட்டி முடியும்வரை வாசலில் நிற்பாள். பெயர், வயது, எந்த முகாம், எந்த அறை, ஒன்றும் விடாமல் ஒப்புவிப்பாள். விடாமல் சொன்னால்தானே மனுசன் போனை எடுத்து அதட்டலாம்? அவளுடைய பெரியப்பாவின் மகன் அப்படித்தான் உயிரோடு திரும்பினான். சொந்தத்தில் ஒருவன் சட்டசபைக்குப் போவது இதற்கில்லாமல் வேறென்ன கண்டறியாத அரசியலுக்கு? ஆகவே அவள் சொன்னாள். தங்கச்சியின் மகள் என்றாள். முழுப் பெயரையும் சொன்னாள். வழக்குத் தோற்றதைச் சொன்னாள். உனக்கு முறை மச்சாள், உன் காலடியிலேயே இருக்கிறாள் என்றாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஒரு கதவு சாத்துவதுபோல ஏதோ ஓசையின்றி நடந்தது. அவளுக்கு அது அக்கறையாகப் பட்டது.

“எந்த ஊரிலை?” என்றான்.

பண்ணின சத்தியம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. பிறகு, கேட்கிறானே, கேட்காமலே விடுகிறவனும் உண்டே என்று நினைத்தாள். ஊரின் பெயரைச் சொன்னாள்.

“கேக்கேல்லை, மாமி. இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

உண்மையிலேயே கேட்கவில்லையா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. அவள் இன்னும் தெளிவாக, கிழவியின் வீடு அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் பின்தெருவில் இருப்பதையும் சேர்த்துச் சொன்னாள். அதற்குள் ரயில் போய்விட்டிருந்தது. அறை அமைதி. அந்த அமைதிக்குள் அமெரிக்க ஊர்ப் பெயர் ஒன்று கோப்பை விழுந்ததுபோல விழுந்தது. ஊர்ப் பெயரை விளங்கிக்கொள்ளத் தமிழ் வேண்டாமே. டொறத்தி காதுக் கவசத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். பிரவீணன் அவளைப் பார்த்தான். அவள் பிரவீணனைப் பார்த்தாள்.

“சரி மாமி,” என்றான் பிரவீணன். “இப்ப முன்வாசலைச் சொல்லுங்கோ.”

அவள் கமெராவைப் பார்த்து, நல்ல பிள்ளை மாதிரி சொன்னாள்.

சாப்பாட்டு மேசையில் அவன் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துவிட்டு, புட்டையும் நெத்தலிப் பொரியலையும் கையால் பிசைந்து சாப்பிட்டான். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினான். புறப்படும்போது படியில் குனிந்து நின்று, கன்னத்தில் கொஞ்ச விட்டான். கொஞ்சிவிட்டு அவள் நிமிர, அவன் அவளுடைய கையை விடாமல் நின்றான்.

“மாமி, நான் நீங்கள் நினைக்கிற மாதிரிப் பெரிய ஆள் இல்லை.”

“உனக்கென்னடா குறை?”

“அங்கை வேற மாதிரி, மாமி.” இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுத்தான். கீழே காரிலிருந்து டொறத்தி ஹோர்ன் அடித்தாள். போய்விட்டான்.

குணேஸ்வரி உள்ளே வந்தபோது தியாகராசா முருகன் கலண்டரைத் தூக்கி ஆணியில் கொளுவப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி அகப்படவில்லை.

“ஏன் ஊர்ப் பேரைச் சொன்னனீ?”

“ஒட்டுக் கேட்டனீங்களோ?”

“வீடு தீப்பெட்டி அளவு. ஒட்டுக் கேக்க என்ன கிடக்கு?” அவர் கலண்டரை மேசையில் வைத்தார். “அவன்ரை சட்டத்திலை என்ன கிடக்கு எண்டு தெரியுமே உனக்கு? அரசாங்கப் பதவியிலை இருக்கிறவனுக்கு அப்பிடி ஒரு ஆள் இருக்கிற இடம் தெரிஞ்சால் அறிவிச்சே ஆகவேணும். மறைச்சால் பதவி போகும், மறியலிலை கம்பியும் எண்ணவேணும். எழுதினதே அவன்தான். அதுவும் அந்த மனுசிக்கு முன்னாலை சொல்லியிருக்கிறாய்.”

“உங்களுக்கு விசர். சொந்த மச்சாளை ஆரும் காட்டிக் குடுப்பினமே?”

“நானும் அதைத்தான் யோசிக்கிறன்,” என்றார் அவர். அவருடைய குரலில் வழக்கமான நக்கல் இல்லை. அதுதான் அவளுக்குப் பயத்தைத் தந்தது.

அன்று பின்னேரம் சாரங்கா அழைத்தபோது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தாள். அந்தப் பிள்ளையின் முகம் திரையில் மலர்ந்துகொண்டு வந்தது. தலைக்குக் குளித்து, ஈரத்தோடு இருந்தாள். “என்னவாம் மச்சான்?” என்று கேட்ட குரலில் இருந்த ஆசையைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் வாய் வந்திராது. “பார்ப்பன் எண்டவர், பிள்ளை. ஆளனுப்பினாலும் அனுப்புவார்,” என்றாள் குணேஸ்வரி. “இடம் கேட்டவரோ?” “பிறகு கதைப்பம்.” அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, பிரவீணனுக்கு அழைப்பு எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கெஞ்சிக் குரல் பதிவு அனுப்பினாள். அவன் கேட்டதாக அடையாளம் விழுந்தது. பதில் விழவில்லை.

படம்தான் வந்தது. நன்றாகவே எடுத்திருந்தார்கள். வெள்ளைக் கட்டத்துக்கு முன்னால் அவள் இருந்து, ‘முறைப்படி, முன்வாசலால் வந்தனாங்கள்’ என்று சொல்ல, பின்னணியில் பியானோ வாசித்தது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் போன் எடுத்து வாழ்த்தியது. ஜேர்மனித் தமிழர் எல்லாருக்கும் பெருமை என்றார்கள். அவளோடு அதே பெர்லின் ரயிலில் வந்த ஒருத்தி மட்டும், “குணேசு, எங்களுக்கும் அந்த முன்வாசலை ஒருக்காக் காட்டியிருக்கலாமே” என்று சொல்லிச் சிரித்தாள். கூடச் சிரிக்கப் போன குணேஸ்வரிக்குப் புரையேறிவிட்டது.

அந்த வாரம் ஒரு பின்னேரம் அவள் யன்னலோரம் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மழை. ஆற்றில் மண் நிறத் தண்ணீர். போன் அடித்தது. சாரங்கா. அங்கே காலை. திரை ஆடியது. ஒடுங்கிய படிகள், ஒரு செருப்பு, பிறகு அவளுடைய முகம் பாதி. சத்தம் போடாமல், மூச்சால் கதைத்தாள்.

“பெரியம்மா. வாசலிலை ரெண்டு பேர் நிக்கினம்.”

“ஆர் பிள்ளை?”

“தெரியாது. என்ரை முழுப் பேரைச் சொல்லிக் கேக்கினம். இஞ்சை ஒருத்தருக்கும் என்ரை முழுப் பேர் தெரியாது.” போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கூடம். அதன் முடிவில் முன்வாசல். கதவின் மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு உருவங்கள், தோளோடு தோள், அசையாமல். “மச்சான் அனுப்பின ஆக்களோ? திறக்கட்டோ?”

குணேஸ்வரியின் மடியிலிருந்து கீரை சரிந்தது. அடுப்படியிலிருந்து தியாகராசா ஈரக்கையோடு வந்து நின்றார்.

மணி அடித்தது. அந்த வீட்டு மணி, இரண்டு தரம், மரியாதையாக. சாரங்காவின் முகம் திரும்பவும் திரைக்குள் வந்தது. இப்போது முழு முகம். கண்ணில் ஆசை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறொன்று மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

“நான் இருக்கிற இடம் மச்சானுக்கு எப்பிடித் தெரியும், பெரியம்மா? நீங்கள் சொன்னனீங்களோ?”

குணேஸ்வரி வாயைத் திறந்தாள். யன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. ரயில் வந்துகொண்டிருந்தது. குணேஸ்வரியின் கை, அவள் நினைக்காமலே, அந்த ஞாயிற்றுக்கிழமை டொறத்தியைப் பார்த்துப் பழகின பழக்கத்தில், உள்ளங்கை விரிந்து மேலே போனது. வீடு முழுவதும் அதிர, சாரங்காவின் உதடுகள் மட்டும் அசைந்தன. திரையில் அவள் அந்த விரிந்த கையைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.