ஒன்பதாவது பேய்

கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் தேவகனி முதலில் செய்தது, கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்த மகளை அப்படியே அள்ளிக் குளியலறைக்குள் விட்டதுதான். ஜெஸ்மியும் பழகிவிட்டாள். மூடிய கம்மோடின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டே நாளில் இந்தப் பாடம் நன்றாக ஏறிவிட்டது.

வெளியே நளினி நின்றாள். துபாயை அடுத்த அஜ்மானில் கணவரோடும் மகள் தன்யாவோடும் இந்த ஃபிளாட்டை எடுத்துத் தங்கி, வாசலை ஒட்டிய ஒற்றை அறையைத் தேவகனிக்கு உள்வாடகைக்கு விட்டிருப்பவள்.

"சிஸ்டர், தூக்கத்தைக் கெடுத்துட்டேனா? பழைய வெள்ளை பெட்ஷீட் ஏதாவது இருக்குமா? வெள்ளிக்கிழமை தன்யாவோட ஃப்ரெண்ட்ஸுக்கு நம்ம வீட்டுலயே ஹாலோவீன் பார்ட்டி. எல்லாருக்கும் பேய் வேஷம்தான். மொத்தம் எட்டுப் பேய் செய்யணும்."

"பாத்துத் தாரேன்க்கா" என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் தேவகனி. நளினியின் பார்வை அவள் தோளைத் தாண்டி உள்ளே போனது. கட்டில் மேல் கிரேயான் டப்பா திறந்து கிடந்தது. முப்பத்திரண்டு வயது நர்ஸுக்குக் கிரேயான் எதற்கு என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். நளினி கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் தேவகனிக்கு உறுத்தியது.

அறையைக் கொடுத்த அன்றே நளினியின் கணவர் சீதாராமன் தெளிவாகச் சொல்லியிருந்தார். தனியாக இருக்கிற லேடிக்கு மட்டும்தான் ரூம், குழந்தை, கெஸ்ட் எதுவும் கூடாது, பில்டிங்கில் செக்கிங் வந்தால் எனக்குத்தான் தலைவலி என்று. தேவகனியும் மண்டையை மண்டையை ஆட்டினாள். அப்போது ஜெஸ்மி உடன்குடியில் தங்கச்சி வீட்டில் சமர்த்தாக இருந்தாள். தங்கச்சிக்கு ஏழாம் மாதத்தில் டாக்டர் படுத்தே கிடக்கச் சொல்வார் என்று யார் கண்டது? கணவன் கிளிட்டஸோ கத்தாரில், ராஸ் லஃபான் கேம்ப்பில், ஆறு ஆண்கள் படுக்கும் அறையில் இருக்கிறான். பிள்ளையை விசிட் விசாவில் கூட்டிவருவதைத் தவிர வேறு வழி இல்லை. டியூட்டி நேரத்தில் பக்கத்துக் கட்டடத்து நஸீரா பார்த்துக்கொள்வாள். அவளும் நர்ஸ்தான். மற்ற நேரமெல்லாம் ஜெஸ்மி இந்த அறைக்குள் சத்தமில்லாமல் வாழ்ந்தாள். இந்த அறையும் போய்விட்டால் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். யாரிடம் அனுப்புவது என்பதற்குத்தான் பதில் இல்லை.

மறுநாள் சமையலறையில் நளினி பெரிய பூசணிக்காயைக் குடைந்துகொண்டிருந்தாள். கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி உள்ளே விளக்கு வைக்கப் போகிறாளாம். குடைந்தெடுத்ததைக் கொட்ட மனசு வராமல் கூட்டும் சாம்பாரும் அல்வாவுமாக வீடே பூசணி மணத்தது.

"தன்யா என்ன சொல்றா தெரியுமா சிஸ்டர்? உங்க ரூம்ல நிஜமாவே ஒரு பேய் இருக்காம். சின்னப் பேயாம். இருமுதாம்." சொல்லிவிட்டு நளினி சிரித்தாள்.

"எனக்குத்தான்க்கா ரெண்டு நாளா சளி" என்று தேவகனி இருமிக் காட்டினாள். ஒரு நர்ஸ் இருமுகிற லட்சணமா அது? அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. நளினி கத்தியை நிறுத்தி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் அல்வாவைக் கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். அறைக்கு வந்து பார்த்தால் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன்.

கை தவறி வந்திருக்கலாம். அவசரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இல்லை, தூண்டில் போடுகிறாளா? அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதும் தேவகனியின் கண்ணுக்குள் அந்த இரண்டு ஸ்பூன்தான் நின்றது.

வியாழக்கிழமை நளினி அடிமடியிலேயே கை வைத்தாள். "பார்ட்டி அன்னிக்கு உங்க ரூமை ஒரு மணி நேரம் தர்றீங்களா சிஸ்டர்? லைட்டை அணைச்சிட்டு, கிண்ணத்துல தோல் உரிச்ச திராட்சை வெச்சு, பேயோட கண்ணுன்னு பசங்களைத் தொட வைக்கணும். வாசல் பக்கம்கறதால வசதி."

மூன்று அறை இருக்கிற வீட்டில் என் அறைதான் கண்ணுக்குத் தெரிந்ததாக்கும் என்று தேவகனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றால் சந்தேகத்தைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். "அதுக்கென்னக்கா, எடுத்துக்கோங்க" என்றாள். பிள்ளையை அந்த நேரம் நஸீராவிடம் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் நஸீராவிடமிருந்து செய்தி வந்தது. யாரோ லீவு போட்டதால் அவளை டியூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

மாதாவே என்று கட்டிலில் உட்கார்ந்தவளின் முந்தானையை ஜெஸ்மி இழுத்தாள்.

"பேய்க்கு மூஞ்சி தெரியாதுல்லாம்மா?"

"ஆமா, அதுக்கு என்ன இப்பம்?"

"அப்பம் நானும் பேயாப் போனா யாருக்குத் தெரியும்?"

தேவகனி மகளையே பார்த்தாள். இரண்டு வாரமாக ஒரு பிள்ளை முகத்தைப் பார்க்காத பிள்ளை. பெட்டியிலிருந்து கடைசி வெள்ளை விரிப்பை எடுத்துக் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினாள். "வாயே தொறக்கப்பிடாது, கேட்டியா? யாரு கேட்டாலும் என்னைய அம்மான்னு சொல்லப்பிடாது. என்னைய உனக்குத் தெரியவே தெரியாது." ஜெஸ்மி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நான்கு மணிக்கு வாசலில் செருப்புகள் குவிந்து கூச்சல் எழுந்தபோது, தேவகனி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள் தன் பேயையும் தள்ளிவிட்டாள்.

திரைச்சீலைகளை மூடி, குப்பைப் பையில் வெட்டிய வௌவால்களைத் தொங்கவிட்டு, ஹாலைப் பேய்வீடாகவே ஆக்கியிருந்தாள் நளினி. கடைசியாக ஒரு விளையாட்டு வைத்தாள். பேய்கள் எல்லாம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அசைந்தாலோ சத்தம் வந்தாலோ அவுட். முதல் நிமிடத்திலேயே மூன்று பேய்கள் சிரித்துத் தொலைத்தன. தன்யாவுக்குத் தும்மல் வந்தது. ஒவ்வொன்றாகக் கழிந்து, நடுவில் ஒரு குட்டிப் பேய் மட்டும் மிஞ்சியது. சீதாராமன் முகமூடி மாட்டிக்கொண்டு காதருகே உறுமினார். அது இம்மியும் அசையவில்லை. திராட்சைக் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் நின்ற தேவகனிக்குப் பெருமை பொங்கியது. வெட்கங்கெட்ட பெருமை. அடுத்த நொடியே, ஜெயித்த பேயின் முகத்தைப் பார்க்கக் கேட்பார்களே என்று உறைத்தது.

"அடேங்கப்பா! இந்தப் பேய்தான் ஜெயிச்சுது" என்று நளினி பரிசோடு வந்தாள். "துணியை எடு குட்டி, பேர் சொல்லு."

பேய் துணியை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"எட்டுப் பேய்தானே செஞ்சேன்? ஜுபைதா, உங்க வீட்டுப் பொண்ணா?"

கீழ்த்தளத்திலிருந்து மகனைக் கூட்டிவந்திருந்த ஜுபைதா, "இல்லையே. யாரோ அக்கம்பக்கத்துப் பிள்ளையா இருக்கும். கூச்சப்படுது பாவம், பரிசைக் கொடுத்து விடுங்க" என்றாள். அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று தேவகனி நினைத்தாள். கொடுத்துவிடு, விளக்கைப் போடு, கூட்டத்தில் நைசாக அள்ளிக்கொண்டு போய்விடுகிறேன்.

ஆனால் நளினி மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அம்மா எங்கடா? வெளிய இருக்காங்களா?"

பேய், இல்லை என்று தலையசைத்தது.

"வீட்டுல இருக்காங்களா?"

அதற்கும் இல்லை.

"அம்மா... இல்லையா உனக்கு?"

வெள்ளைத் துணி மேலும் கீழும் ஆடியது. ஆமாம். ஒரு தரத்துக்கு இரண்டு தரம். ஹாலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

கிண்ணத்தை எங்கே வைத்தாள், எப்படி நடந்தாள் என்று தேவகனிக்குத் தெரியாது. "இருக்கேன்க்கா" என்றாள். "எம் பிள்ளைக்கா. நான்தான் அம்மா. இங்கனதான் இருக்கேன்." குனிந்து துணியை உருவினாள்.

நளினி எழுந்திருக்கவில்லை. பரிசு அவள் கையிலேயே இருந்தது. அவள் முகத்தில் இருந்தது கோபமா, தெரிந்ததுதான் என்பதா, தேவகனியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நளினி பிள்ளையின் பக்கமே திரும்பி, "இவங்கதான் உன் அம்மாவா?" என்றாள்.

வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருக்க, ஜெஸ்மி அம்மாவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டு, இல்லை என்று அழுத்தமாகத் தலையை ஆட்டினாள்.